கடிதம் நின்றுபோன மாதங்கள்

லண்டனில், விம்பிள்டனுக்கு அப்பால் ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும் சலவைக்கூடத்தில் பதினோரு வருடங்களாக வேலை செய்கிறேன். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், நோயாளிகளின் அங்கிகள் எல்லாம் வண்டி வண்டியாக எங்களிடம் வரும். தோய்த்த விரிப்பை இஸ்திரி இயந்திரத்துக்குள் அனுப்ப இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, உதறி, நேராக்கி, சூடான உருளைக்குக் கொடுக்கவேண்டும். ஒருவர் கை பிந்தினாலும் துணி சுருண்டுவிடும். மூன்று வருடங்களாக என் விரிப்பின் மற்ற மூலையைப் பிடித்தவள் ஒரு பெண். வயது நாற்பத்தைந்து இருக்கும். தன் நாட்டில் இரசாயன ஆசிரியையாக இருந்தவள்.

அது எந்த நாடு என்று எழுதவேண்டாம் என அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உறவினர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பக்கத்து நாட்டுக்குள் படையை அனுப்பிவிட்டு வருடக்கணக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிற நாடு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இயந்திரத்தின் இரைச்சலில் பேச முடியாது. ஷிப்ட் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. அதுவரை அவளுடைய முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஜனவரியில் அந்த முகம் சரியாக இல்லை. ஒரு நாள் இடைவேளையில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். அதனால் சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"நீங்கள் சிறையில் இருந்தீர்களா?"

அங்கே யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. "எப்படித் தெரியும்?" என்றேன்.

"சூப்பர்வைசர் பேச வந்தால் நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறீர்கள். என் தம்பியைப் பார்க்கப் போனபோது அங்கே எல்லா ஆண்களும் அப்படித்தான் நின்றார்கள்."

பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவன் கட்டட வேலைத்தளத்தில் கிரேன் ஓட்டுபவன். அரசியல் கட்சி எதிலும் இல்லாதவன். அவர்களுடைய ஊருக்கென்று கைபேசியில் ஒரு குழு இருந்தது. காணாமல்போன நாய், தண்ணீர் வராத தெரு என்று எழுதுவார்கள். அதில் ஒருநாள் இரண்டே வரி எழுதினான். ஊர் மயானத்தில் இந்தக் குளிர்காலம் பதினாறு புதிய குழிகள், போன குளிர்காலம் மூன்று. அவ்வளவுதான். இராணுவத்தைப் பற்றிப் பொய் பரப்பியதாக வழக்குப் போட்டார்கள். மயானக் காவலாளியை நீதிமன்றத்துக்கு அழைத்துக் கேட்டார்கள். 'நான் குழி வெட்டுவேன், எண்ணமாட்டேன்' என்று அந்த மனிதன் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தம்பிக்கு மூன்றரை வருடம்.

மாதம் இரண்டு கடிதம் அவன் மனைவிக்கு எழுதுவான். அவள் அதைப் படமெடுத்து லண்டனுக்கு அனுப்புவாள். நவம்பரிலிருந்து ஒன்றுமில்லை. அந்த நாட்டில் சிறைக்கைதிகளிடம் படையாட்கள் வந்து தாள் நீட்டுகிறார்கள். கையெழுத்திட்டுப் போர்முனைக்குப் போனால் தண்டனை தள்ளுபடி. போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. கையெழுத்திடாதவர்களை என்ன செய்வார்கள் என்பது பற்றிப் பல கதைகள்.

"கடிதம் நின்றால் என்ன அர்த்தம்? உங்களுக்குத் தெரிந்திருக்கும்" என்றாள்.

இடைவேளை முடிந்து இயந்திரத்துக்குத் திரும்பினோம். அன்று வேலை முடிந்து, பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி சொன்னேன்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. வெளிநாடு போவதற்குக் கடவுச்சீட்டு எடுக்கவென்று வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்து, ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். மூன்றாம் நாள் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம். எனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நாலு வருடம் வைத்திருந்துவிட்டு, குற்றச்சாட்டு இல்லையென்று ஒரு வெள்ளிக்கிழமை வெளியே விட்டார்கள்.

அந்த நாலு வருடத்தில் ஐந்து மாதம் எனக்கும் கடிதம் வரவில்லை. நான் எழுதியதும் போகவில்லை. சிறையில் கலவரம், ஆட்கள் செத்துவிட்டார்கள் என்று வன்னியில் ஒரு கதை பரவியிருக்கிறது. அப்பா எனக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய ஐயரைப் பார்க்கப் போக வெளிக்கிட்டாராம். அம்மா படலையில் நின்று மறித்திருக்கிறா. "உடம்பைக் காட்டச் சொல்லுங்கோ, பிறகு பாப்பம்" என்றாவாம். உண்மையில் நடந்தது என்னவென்றால், கடிதங்களைத் தணிக்கை செய்யத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரேயொரு அதிகாரியைப் போர்முனைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். வாசிக்க ஆளில்லாமல் வந்ததும் போவதும் ஒரு சாக்கில் கிடந்தன. புது ஆள் வந்த கிழமை எனக்கு ஒரே நாளில் இருபத்தொரு கடிதம் தந்தார்கள்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "என்னை ஆறுதல்படுத்துவதற்காகச் சொல்கிறீர்களா?"

"இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் தம்பிக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. கடிதம் நிற்க ஒரு காரணம்தான் இருக்கவேண்டும் என்றில்லை, அவ்வளவுதான்."

அவளுடைய பஸ் வந்தது. ஏறும்போது, "சாக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனாள்.

மனைவியிடம் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தனியக் கிடந்து யோசிச்சா மனுசி விசராகிப்போகும்" என்றா. நாங்கள் டூட்டிங்கில் இருக்கிறோம். அவள் பூக்களோடு வந்தாள். மனைவி உறைப்பைக் குறைத்துக் கோழிக்கறி வைத்திருந்தா. அப்படியும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சாப்பிட்டு முடிந்தபின் அவள் கேட்டாள், "போர் நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே எப்படி இருக்கும்? தம்பி கடிதத்தில் அதை எழுத முடியாது."

போர் எப்படிப் போகிறதென்று கைதிக்கு முதலில் தெரிந்துவிடும் என்றேன். வானொலியால் அல்ல. வானொலிக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஆளே மிஞ்சியிருக்கக்கூடாது. பருப்பில் தண்ணீர் கூடும். இளம் காவலர்கள் ஒவ்வொருவராகக் காணாமல்போய், ஓய்வு பெற்ற கிழவர்கள் சீருடை போட்டுக்கொண்டு வருவார்கள். இராணுவம் ஒரு நகரத்தைப் பிடித்துவிட்டது என்றால் எங்களுக்கும் பாற்சோறு தந்து, தின்னும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுடைய முகாம் ஒன்று விழுந்தால் அடி. காவலரின் சப்பாத்துச் சத்தத்திலேயே எது நடந்ததென்று சொல்லிவிடலாம்.

பிறகு, இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னதால் எளிதாக இருந்திருக்கலாம்.

சிறையில் எங்கள் பகுதிக்கு ஒரு காவலர் இருந்தார். முப்பது வயது, தெற்கில் ஏதோ கிராமம். கை நீட்டத் தயங்காதவர், என் இடது காது இன்றும் சரியாகக் கேட்காததற்கு அவர்தான் காரணம். வடக்கில் ஒரு முகாம் விழுந்து இரண்டு மூன்று கிழமை இருக்கும். எனக்குக் காய்ச்சல் என்று, மற்றவர்கள் முற்றத்துக்குப் போனபிறகும் என்னை உள்ளேயே விட்டிருந்தார்கள். பின்னேரம் அவர் தனியாக வந்து கம்பிக்கு அப்பால் நின்றார். நான் எழும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன்.

"திரும்பு" என்றார் சிங்களத்தில். "அந்த முகாம் உன்ர ஊருக்குப் பக்கமா?"

"எட்டு மைல், ஐயா."

"அங்க காடு இருக்கா? ஒருத்தன் ஒளிச்சிருக்க ஏலுமா? தண்ணி இருக்கா?"

அப்போதுதான் விளங்கியது. அவருடைய தம்பி அந்த முகாமில் இருந்திருக்கிறான். வானொலி, படைகள் திட்டமிட்டுப் பின்வாங்கின, இழப்பு சொற்பம் என்று சொல்லியிருந்தது. அலுவலகத்தில் கேட்டால் தகவல் இல்லை என்கிறார்கள். அந்த நிலத்தைத் தெரிந்த ஒருவன் அந்தக் கட்டடம் முழுவதிலும் நான்தான்.

அங்கே காடு கிடையாது. உப்பு வெளி. ஒரு முயல் ஒளிக்க இடமில்லை. நான், "காடு இருக்கு, கிணறும் இருக்கு" என்றேன். அடிக்குப் பயந்தா, இரக்கப்பட்டா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "நன்றி மல்லி" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

பத்து நாளில் பெட்டி வந்தது. ஆணி அடித்த பெட்டி, திறக்கக்கூடாது என்ற உத்தரவோடு. செத்தவீடு முடிந்து திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னார், "உள்ளுக்கு மகன்தானோ, வாழைமரக் குத்தியோ எண்டு அம்மா கேக்கிறா. என்ன சொல்ல?"  அதற்குப் பிறகு அவர் என்னை அடிக்கவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை.

போர் நடத்தும் அரசு தன் எதிரிகளுக்குத்தான் பொய் சொல்லும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தன் சீருடை போட்டவனுக்கும், அவனுடைய தாய்க்கும் சொல்லும். எங்கள் பக்கமும் அப்படித்தான் இருந்தது. இயக்கமும் சிறைகள் வைத்திருந்தது. என் ஒன்றுவிட்ட அண்ணை ஒருவரை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள், எங்கே புதைத்தார்கள் என்று அவர் பிள்ளைகளுக்கு இன்றும் தெரியாது. இதைச் சொன்னால் டூட்டிங்கில் எங்கள் ஆட்கள் சிலர் என்னோடு கதைக்கமாட்டார்கள். இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

"அதனால்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லமாட்டேன்" என்றேன் அவளிடம். "ஒருமுறை சொல்லிவிட்டேன். போதும்."

அவள் தலையசைத்தாள். அவள் போனபிறகு மனைவி பாத்திரங்களைக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தா.

"கலியாணம் கட்டி இருவத்திரண்டு வருசம். எனக்கு ஏன் இதைச் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லை."

"கேட்டா நீங்கள் உடைஞ்சுபோவியள் எண்டு நினைச்சன்."

"நான் சொன்னா நீர் உடைஞ்சுபோவீர் எண்டு நினைச்சன்."

மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதா. பிறகு பாத்திரங்களைக் கழுவினோம்.

பார்சல் அனுப்பச் சொன்னது என் யோசனைதான். கடிதத்துக்குப் பதில் சொல்லாத சிறையும் பார்சலுக்குப் பதில் சொல்லும். ஆள் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் காலத்தில் சவர்க்காரக் கட்டி ஒன்று அனுப்பித்தான் குடும்பங்கள் ஆள் எங்கே என்று கண்டுபிடித்தன. தம்பியின் மனைவி காலுறைகளும் தேயிலையும் அனுப்பினாள். இரண்டு கிழமையில் பெட்டி திரும்பி வந்தது. மேலே ஒரு வரி: இந்தப் பெயரில் எங்கள் பதிவேட்டில் யாருமில்லை.

அன்று அவள் வேலைக்கு வந்திருந்தாள். விரிப்பின் மூலையைப் பிடித்தபடி, உருளைக்கு மேலாகக் கத்திச் சொன்னாள்.  என் யோசனையால் வந்த வரி அது. அன்று முழுவதும் ஒரு துணிகூடச் சுருளாமல் வேலை செய்தோம்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை மனைவி என்னை ஆர்ச்வேக்கு, முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனா. நான் கோயிலுக்கு அதிகம் போகிறவனல்ல. ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயரைக் கேட்டார். மனைவி அந்த நீளமான வெளிநாட்டுப் பெயரை மூன்று முறை சொன்னா.

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. சிறையில இருக்கிறார். எந்தச் சிறையெண்டும் தெரியாது."

ஐயர் ஒரு கணம் யோசித்தார். "அப்ப கார்த்திகை எண்டு சொல்லுவம். முருகன்ர நட்சத்திரம்தானே, அவர் பாத்துக்கொள்ளுவார்" என்று உள்ளே போனார். மந்திரத்தின் நடுவில் அந்தப் பெயர் தமிழ்ப் பெயர்போலவே கேட்டது. திங்கட்கிழமை விபூதிப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, இது என்ன சேர்மம் என்று கேட்டாள். சாம்பல் என்றேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதக் கடைசியில், தேநீர் இடைவேளை முடிந்து நாங்கள் இயந்திரத்துக்கு வந்த சற்று நேரத்தில், அவளுடைய பையில் கைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் எடுக்கக்கூடாது. அவள் எடுத்தாள். ஒரு கையால் பிடித்த விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சுருண்டு, இயந்திரம் கத்திக்கொண்டு நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். கானா நாட்டுக்காரர், கறாரான மனிதர். அவள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒரு தாளின் படம், சின்னச் சின்னக் கையெழுத்து.

"அவன் எழுத்து" என்றாள். "அவன் எழுத்து. இருக்கிறான்."

சூப்பர்வைசர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வாருங்கள்" என்று தானே சுருண்ட துணியை இழுக்கத் தொடங்கினார். வெளியே லொறிகள் நிற்கும் இடத்தில் அவள் கடிதத்தை வரி வரியாக மொழிபெயர்த்தாள். தம்பி கையெழுத்திட மறுத்திருக்கிறான். தனிக்கூண்டில் போட்டிருக்கிறார்கள். பிறகு சிறை வைத்தியர் ஒருவர் நெஞ்சுப் படத்தைப் பார்த்து, இந்த நுரையீரல் சண்டைக்கு உதவாது என்று எழுதிவிட்டார். அந்த வைத்தியர் உண்மையைத்தான் எழுதினாரா, இரக்கப்பட்டு எழுதினாரா என்று தம்பிக்கும் தெரியாது. அதன்பின் ஐந்து கிழமை ரயிலில், இடையிலே மூன்று சிறைகளில் இறக்கி ஏற்றி, நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பதிவேடு அவனுக்குப் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறது. இடையில் எழுதிய கடிதங்களுக்கு என்ன நடந்ததென்று அவனுக்குத் தெரியாது.

நான் ஒரு மரப்பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன்.  அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

தண்டனை செப்டம்பரில் முடிந்தது. வாசலில் வைத்தே படையில் சேர்க்கும் வழக்கமும் அங்கே இருந்ததால் அந்தக் கிழமை அவளுக்குத் தூக்கமில்லை. தம்பி மனைவியின் தமையன் காரை இயக்கியபடியே சிறை வாசலில் நின்றிருக்கிறான். வீட்டுக்குப் போகாமல் நேரே எல்லைக்கு ஓடி, தம்பியும் மனைவியும் கால்நடையாகக் கடந்தார்கள். மறுபக்கத்து எரிபொருள் நிலையத்திலிருந்து அவன் அனுப்பிய முதல் படம் ஒரு காகிதக் கோப்பையில் காப்பி. அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, கைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்தாள். மெலிந்த, காது பெரிதாகத் தெரிந்த ஒரு முகம். நாங்கள் பேசியதை அவள் மொழிபெயர்த்தாள்.

"உங்களுக்கு எத்தனை வருடம்?" என்று கேட்டான்.

"நாலு."

"எனக்கு மூன்றரை. நீங்கள் சீனியர்." சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை. பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டான், "வெளியே வந்து எவ்வளவு காலத்துக்குப் பிறகு நீங்கள் சாப்பாட்டை மெதுவாக, ஆறுதலாகச் சாப்பிடத் தொடங்கினீர்கள்? என் மனைவி என் வேகத்தைப் பார்த்து அழுகிறாள்."

குசினியிலிருந்து என் மனைவி தமிழில் சொன்னா, "இன்னும் தொடங்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவள் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அந்தப் பக்கம் இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவன் போரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னான். ரயிலில் அவனோடு வந்த காவலாளிப் பெடியன் ஒருவன், உன்னை எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்டிருக்கிறான். குழிகளை எண்ணியதற்கு என்று இவன் சொன்னதும் பேசாமல் போனவன், அடுத்த நாள் வந்து, "எங்கள் ஊரில் இருபத்திரண்டு" என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனானாம். "அங்கே எல்லோருக்கும் தெரியும்" என்றான் தம்பி. "எல்லோரும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்."

போர் இன்னும் முடியவில்லை. அவனுடைய சிறைத் தோழர்களில் இருவர் கையெழுத்திட்டுப் போய் அங்கேயே முடிந்துவிட்டார்கள். அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. மனைவி என்னிடம் பழைய விஷயங்களைக் கேட்கத் தொடங்கினா. சோறு ஆக்கும்போது, கடைக்கு நடக்கும்போது. நானும் சொன்னேன். அப்படியொன்றும் நாங்கள் உடைந்துபோகவில்லை.

நவம்பரில் அவள் தம்பியைப் பார்க்கப் புறப்பட்டாள். நாங்கள் இருவரும் ஹீத்ரோவரை போனோம். மனைவி ஒரு டப்பா நிறையத் தட்டை வடை சுட்டுக் கொடுத்தா. "உறைக்குமா?" என்று அவள் கேட்க, "கொஞ்சம் உறைக்கும். ஆறுதலாத்தான் சாப்பிடவேணும், அதுக்குத்தான்" என்றா. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கட்டிப்பிடித்துவிட்டு, திரும்பிப் பாராமல் பாதுகாப்புச் சோதனை வரிசைக்குள் போனாள்.

திரும்பும் வழியில் நொதர்ன் லைன் ரயிலுக்கு மாறி உட்கார்ந்தோம். பின்னேர ரயில், கூட்டமில்லை. கிளாப்பம் வரை எனக்கு நினைவிருக்கிறது. அதன்பின் யாரோ தோளைத் தட்டினார்கள். விழித்துப் பார்த்தால் பெட்டி காலி, ரயில் ஊழியப் பெண் ஒருத்தி, "மோர்டன். கடைசி ஸ்டேஷன்" என்றாள். பக்கத்தில் மனைவி என் தோளில் சாய்ந்து இன்னும் நித்திரை. எழுப்பினேன்.

"டூட்டிங் வந்திட்டுதே?"

"எப்பவோ போயிட்டுது."

"பரவாயில்லை" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தா. நாங்கள் எதிர்ப் பக்கம் நின்ற ரயிலில் ஏறிக்கொண்டோம்.